பழைய கிட்டாரை மீட்கலாமா, புதிது வாங்கலாமா? நுகர்வோர் கேள்வி-பதில்

பணி ஓய்வு பெற்றவர்களும், பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட வீட்டுப் பெற்றோர்களும் மறுபடி கிட்டாரைக் கையில் எடுக்கிறார்கள். அப்படி எடுத்தவர்களின் கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: எனக்கு வயது 58. கல்லூரி நாட்களில் சர்ச் கொயரில் கிட்டார் வாசித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அது பரணுக்குப் போய்விட்டது. இப்போதுதான் இறக்கியிருக்கிறேன். கல்கத்தாவில் செய்த கிட்டார், அப்பா வாங்கித் தந்தது. கம்பியெல்லாம் துருப்பிடித்திருக்கிறது. அழுத்தினால் விரலை வெட்டுகிறது. பழையதைத் தூக்கிப் போடு, புதிது வாங்கித் தருகிறேன் என்கிறான் மகன். என்ன செய்யலாம்? (வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: மகனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள் அம்மா. விரல் வலிக்கு வயதுதான் காரணம் என்று நினைத்துப் பலர் இந்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் வேறு: கம்பி ஃபிரெட்டுக்கு (கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடு) மேல் அதிக உயரத்தில் நிற்கிறது. இருபது வயதில் அதையும் அழுத்தி வாசித்துவிடுவோம். 58-இல் ஏன் அப்படிக் கஷ்டப்பட வேண்டும்? உயரத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

முதலில், சுருதி சேர்க்கிறேன் என்று சாவியை முறுக்காதீர்கள். துருவேறிய கம்பி அறுந்தால் முகத்தில் அடிக்கும். எல்லாக் கம்பிகளையும் நன்றாகத் தளர்த்திவிட்டு, அதன் பிறகு கழற்றுங்கள்.

பிறகு நல்ல வெளிச்சத்தில் பிரிட்ஜைப் பாருங்கள். கம்பிகள் பாடியோடு சேரும் மரத்துண்டு அது. அதன் பின்விளிம்புக்கு அடியில் சாதாரணத் தாள் ஒன்றின் முனையை நுழைத்துப் பாருங்கள். தாள் உள்ளே போனால் பசை விட்டிருக்கிறது. மறுபடி ஒட்டாமல் புதுக் கம்பி போடக் கூடாது, பிரிட்ஜ் பிய்ந்து வந்துவிடும். அடுத்தது கழுத்து. கிட்டாரைத் தூக்கிப் பிடித்து, தச்சர் பலகையின் நேர் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டு தலைப்பக்கத்திலிருந்து கழுத்தின் விளிம்பைப் பாருங்கள். மிக லேசான உள்வளைவு இருக்கலாம், அது நல்லதும்கூட. வில்லாக வளைந்திருந்தாலோ ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டிருந்தாலோ செலவு கூடும்.

இவை இரண்டும் சரியாக இருந்தால் கம்பி வாங்கலாம். அதற்கு முன் ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள்: உங்களுடையது இரும்புக் கம்பி கிட்டாரா, நைலான் கம்பி கிட்டாரா? பிரிட்ஜில் கம்பிகளைச் சின்ன முளைகள் அடைத்துப் பிடித்திருந்தால் இரும்பு. கம்பியைத் துளையில் விட்டு முடிச்சுப் போட்டுக் கட்டும் அமைப்பு என்றால் நைலான். கடைக்காரர் எடுத்துத் தருவதை அப்படியே மாட்டிவிடக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. நைலான் கம்பிகள் ஆறும் சேர்ந்து சுமார் 40 கிலோ விசையில் இழுக்கும். வழக்கமான 12 கேஜ் (கேஜ் என்பது கம்பியின் கனம்; எண் குறைந்தால் கம்பி மெல்லியது) இரும்புக் கம்பி செட் 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். நைலானுக்காகச் செய்த கிட்டார் அதைத் தாங்காது. இரும்புக் கம்பி கிட்டார் என்றால் 10 கேஜ் என்று கேட்டு வாங்குங்கள். இழுவிசை 60 கிலோ அளவுக்கு இறங்கும், பழைய மரத்துக்கும் உங்கள் விரலுக்கும் இதம். ஒலியின் கனம் கொஞ்சம் குறையத்தான் செய்யும். இப்போதைக்கு அது பெரிய நஷ்டமில்லை.

புதுக் கம்பி மாட்டியதும் அரைச்சுருதி இறக்கிச் சேர்த்து ஒரு நாள் அப்படியே விடுங்கள். மறுநாள் முழுச்சுருதிக்கு ஏற்றிவிட்டுப் பள்ளிக்கூட ஸ்டீல் ஸ்கேலை எடுங்கள். 12-ஆவது ஃபிரெட்டின் உச்சிக்கும் தடித்த ஆறாவது கம்பியின் அடிப்பக்கத்துக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது என்று பாருங்கள். இரும்புக் கம்பி கிட்டாரில் இரண்டரை இருந்தால் அருமை. மூன்று வரை சமாளிக்கலாம். நான்கைத் தாண்டினால் யார் வாசித்தாலும் வலிக்கும். மெல்லிய முதல் கம்பிக்கு இரண்டு மில்லிமீட்டர் போதும். நைலான் என்றால் ஒரு மில்லிமீட்டர் வரை கூடுதலாக இருப்பது இயல்பு. உயரம் அதிகம் என்றால், பிரிட்ஜில் செருகியிருக்கும், கம்பிகளைத் தாங்கும் வெள்ளைத் துண்டான சாடிலின் அடிப்பக்கத்தைத் தேய்த்துக் குறைப்பார்கள். 12-ஆவது ஃபிரெட்டில் ஒரு மில்லிமீட்டர் இறங்க வேண்டுமானால் சாடிலில் இரண்டு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். எனவே, சாடில் போதிய உயரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

முதல் மூன்று ஃபிரெட்டில் மட்டும் வலி, ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்தும் எஃப் கார்டு பிடிக்கவே முடியவில்லை என்றால் நட்டைச் சந்தேகப்படுங்கள். தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் வெள்ளைத் துண்டுதான் நட். கம்பியை மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃபிரெட்டைப் பாருங்கள். கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையே ஒரு தாள் கனம்தான் இடைவெளி இருக்க வேண்டும். அதைவிட அதிகமாக இருந்தால் நட்டின் பள்ளங்களை அரத்தால் ஆழமாக்க வேண்டும். இதை நீங்களே செய்யாதீர்கள், கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்துவிட்டால் கம்பி இரையத் தொடங்கிவிடும்.

சாடில், நட், புதுக் கம்பி எல்லாம் சேர்த்துக் கடைகளில் 'செட்டப்' என்பார்கள். கட்டணம் ஊருக்கு ஊர் மாறும். ஆனாலும் நல்ல புதுக் கிட்டாரின் விலையில் அது சிறு பங்குதான். பிரிட்ஜ் ஒட்டுவதும் கட்டுப்படியாகும். கழுத்தையே கழற்றிக் கோணம் மாற்றி மறுபடி பொருத்த வேண்டும் என்றால், சாதாரண விலைக் கிட்டாருக்கு அந்தச் செலவு நியாயமில்லை. அப்போது மகன் சொல்வதைக் கேளுங்கள். அப்பா தந்ததைக் கம்பி தளர்த்திப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

புதிது வாங்கினாலும் அதே ஸ்கேலோடு கடைக்குப் போங்கள். செட்டப் செய்து தருவார்களா, விலைக்குள் அடங்குமா என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். அகலமான டிரெட்நாட் பாடி பலருக்கு வலது தோளை உயர்த்தச் சொல்லும். அதைவிடச் சிறிய கான்செர்ட் அளவு பாடியையும் மடியில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மேல்பலகை ஒரே மரமா, ஒட்டுப்பலகையா என்பதை ஒலித்துளையின் விளிம்பு காட்டிக்கொடுக்கும். மேலே தெரியும் மரக்கோடுகள் விளிம்பின் கனத்திலும் தொடர்ந்தால் ஒரே மரம்.

கேள்வி: என் பழைய கிட்டாரைப் பழுதுபார்க்கக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது பக்கப்பலகையில் விரிசல். "பழைய மரம் சார், அதுவே விட்டுப்போச்சு" என்கிறார் கடைக்காரர். இதற்கு நியாயம் கேட்க முடியுமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: முடியும். பணம் வாங்கிக்கொண்டு செய்யும் பழுதுபார்ப்பு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் ஒரு சேவை. அஜாக்கிரதையால் பொருள் சேதமானால் அது சேவைக் குறைபாடு. ஆனால் கொடுக்கும்போது விரிசல் இல்லை என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். போட்டோ, வாட்ஸ்அப் உரையாடல், வேலை விவரம் எழுதிய சீட்டு, எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுத்து, சரிசெய்து தர ஒரு தேதி குறிப்பிடுங்கள். பலன் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் தாக்கல் செய்யலாம். பழுதுபார்ப்புக்கு நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: கிட்டாரைக் கொடுக்கும்போது கடைக்காரரின் கண்முன்னே முன்பக்கம், பின்பக்கம், இரு பக்கவாட்டு என்று படம் எடுத்துவிடுங்கள். நல்ல வேலைக்காரர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி: இணையத்தில் 9,000 ரூபாய்க்கு வாங்கிய கிட்டார் கழுத்து வளைந்து வந்திருக்கிறது. இசைக்கருவிகளைத் திரும்பப் பெறுவதில்லை என்கிறார் விற்பனையாளர். (வாசகர், தாம்பரம்)

பதில்: மனது மாறித் திருப்பிக் கொடுப்பது வேறு, குறையுள்ள பொருளைத் திருப்பிக் கொடுப்பது வேறு. முதலாவதற்கு விற்பனையாளரின் விதி செல்லும். இரண்டாவதற்குச் சட்டம் இருக்கிறது. குறைபாடுள்ள பொருளை ரசீதில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019 சட்டம் சொல்கிறது. அந்த இணையதளத்தின் குறைதீர் அலுவலருக்குப் படங்களோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020-இன் மின்வணிக விதி. நாள் கடத்தாமல் இன்றே அனுப்புங்கள்.

இதே கிட்டாரை முன்பின் தெரியாத தனிநபரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தால் இந்தச் சட்டம் பெரிதாகக் கைகொடுக்காது. அவர் வியாபாரி அல்ல. அங்கே தாள் துண்டும் ஸ்கேலும்தான் பாதுகாப்பு. நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள்.

கேள்வி: 64 வயது, சர்க்கரை உண்டு. கிட்டார் கற்கலாமா? ஒரு செயலியில் ஆண்டுச் சந்தா சலுகை விலையில் தருகிறார்கள், கட்டலாமா? (வாசகர், காரைக்கால்)

பதில்: தாராளமாகக் கற்கலாம். ஆனால் உங்களுக்கு நைலான் கம்பிதான் நல்லது. முதல் வாரங்களில் விரல் நுனி எரிவது எல்லோருக்கும் உள்ளதுதான், தோல் கெட்டிப்பட்டதும் போய்விடும். உங்களுக்கு விரல் நுனியில் உணர்ச்சி குறைவாக இருந்தால் கொப்புளம் வந்ததுகூடத் தெரியாமல் போகலாம். வாசித்து முடித்ததும் விரல்களைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்காராமல், காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மூட்டில் வலி, விரல் மடங்கி நிமிராமல் சிக்கிக்கொள்வது போன்றவை பயிற்சியால் சரியாகாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த விரல் சிக்கல் அதிகம் வரும், எனவே உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆண்டுச் சந்தா இப்போது வேண்டாம். மாதக் கட்டணமாகவே தொடங்குங்கள், கூடுதலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. விரல் ஒத்துழைக்கிறதா என்பது இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும். முன்கூட்டியே கட்டிய பணத்தைத் திரும்ப வாங்குவது அவ்வளவு எளிதல்ல. கார்டில் தானாகப் பணம் எடுக்க அனுமதி கொடுத்திருந்தால், எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தக் குறுஞ்செய்தி வந்ததும், தொடர விருப்பமில்லை என்றால் வங்கியிலேயே அனுமதியை ரத்து செய்துவிடலாம். செயலியை அழித்தால் மட்டும் சந்தா நிற்காது.

உங்கள் ஊர் கடலோரம் என்பதால் இன்னொன்று. கிட்டாருக்கு 45 முதல் 55 சதவீதம் ஈரப்பதம் உகந்தது. மழைக்காலத்தில் மேல்பலகை ஈரத்தில் உப்பி, கம்பி உயரம் தானே ஏறிவிடும். அந்த மாதங்களில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட பெட்டிக்குள் மூடி வையுங்கள், வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம்.