ஏக்கருக்கும் ஏருக்கும் உறவு உண்டா?

கேள்வி (கிளிநொச்சி): இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறோம். எங்கள் ‘ஏர்’தான் ஆங்கிலத்துக்குப் போய் ‘ஏக்கர்’ ஆனது என்கிறார்களே, சரியா?

பதில்: சரியில்லை. ஏக்கரின் பழைய ஆங்கில வடிவம் ‘அக்கெர்’. அதன் பொருள் வெறுமனே வயல். அளவு பிறகு வந்தது. ஒரு சோடி எருது ஒரு நாளில் உழும் நிலம் என்றாகி, கடைசியில் 660 அடி நீளம், 66 அடி அகலம், அதாவது 43,560 சதுர அடி என்று நிலைத்தது. அந்த 660 அடிதான் பர்லாங்; அதற்கு ‘உழவுசாலின் நீளம்’ என்று பொருள். காணி உறுதியில் 160 பேர்ச் என்று எழுதுவதும் இதே பரப்பைத்தான்.

லத்தீனில் வயலுக்கு ‘அகெர்’ என்று பெயர். அக்ரிகல்ச்சர் அதிலிருந்து வந்தது. ஏக்கர் அதற்குப் பிள்ளையல்ல, உடன்பிறப்பு. லத்தீனில் ‘அங்கம்’ என்பதில் வரும் மெலிந்த ககரம் நிற்கும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘பக்கம்’ என்பதில் வரும் வலிந்த ககரம் நிற்கும். தானியம் லத்தீனில் கிரானும், ஆங்கிலத்தில் கோர்ன். முழங்கால் அங்கே கெனு, இங்கே ‘நீ’. அதன் முன்னால் இன்று எழுத்தில் மட்டும் நிற்கும் ககரம் ஒருகாலத்தில் ஒலித்தது. அகெர், ஏக்கர் என்பதும் இதே வரிசைதான். இப்படி ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் மாற்றமே உறவுக்குச் சான்று.

ஏருக்கு நெருக்கமாக ஒலிக்கும் சொல்லும் ஆங்கிலத்தில் இருந்தது: ‘இயர்’, உழுதல். 1611இன் ஆங்கில விவிலியத்தில் அதைக் காணலாம். ஆனால் அது லத்தீன் ‘அராரே’யின் இனம். நம் ஏருக்குத் தெலுங்கிலும் கன்னடத்திலும் உறவினர் இருக்கிறார்கள். இரண்டு எழுத்துச் சொற்கள் தற்செயலாக ஒத்துப்போவது மிக எளிது.

கேள்வி (வவுனியா): இதே வேரில் அருகிப்போன சொற்கள் எவை?

பதில்: அக்ரெஸ்டிக் என்றால் நாட்டுப்புறத்துக்குரியது. அக்ரெஸ்டல் என்பது பயிர்நிலத்தில் விதைக்காமலே முளைப்பது. நெல்லுக்குள் வரும் கோரையை அப்படிச் சொல்லலாம். ஒனகர், காட்டுக்கழுதை. ஏகோர்ன் என்ற ஓக் மரக்கொட்டையில்தான் பலரும் வழுக்குகிறார்கள். ‘ஓக்’கும் ‘கோர்ன்’னும் சேர்ந்தது என்று நினைத்து எழுத்தையே மாற்றிவிட்டார்கள். பழைய வடிவம் ‘அக்கெர்ன்’, வேலியடைக்காத வெளியில் விளையும் கனி. கீல்வாதத்தின் பழம்பெயரான பொடாக்ராவை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். அதிலுள்ள ‘அக்ரா’ கிரேக்கத்தில் பிடி, வேட்டை.

கேள்வி (முல்லைத்தீவு): யாத்திரிகரைக் குறிக்கும் ‘பில்கிரிம்’மும் வயலில் பிறந்ததா?

பதில்: ஆம். லத்தீனில் ‘பெர்’ என்றால் ஊடாக, அப்பால். தன் நிலத்துக்கு அப்பாலிருந்து வந்தவர் ‘பெரெக்ரினுஸ்’, அயலூரார். வற்றாப்பளைக்கோ மடுவுக்கோ வயல்வெளி தாண்டி நடந்து வருபவருக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஒரே சொல்லில் இரண்டு ரகரம் நாவுக்குச் சிரமம். முதலாவது லகரமாகி, பிரெஞ்சு வழியாக பில்கிரிம் ஆயிற்று. பைரிப் பருந்தின் பெயரான ‘பெரெக்ரின்’னில் ரகரம் அப்படியே இருக்கிறது. கூட்டில் எடுக்காமல், வழிப்பயணத்தில் பிடித்துப் பழக்கியதால் அந்தப் பெயர்.