வீட்டில் தீயணைப்பான் வாங்கி மாட்டியிருக்கிறேன், இதுவரை தொட்டதில்லை. தீப்பிடித்தால் எப்படிப் பயன்படுத்துவது?

அலுவலகத்தில் ஒருமுறை பயிற்சி கொடுத்தார்கள். தகரத் தட்டில் தீ மூட்டி, ஒவ்வொருவராக வந்து அணைக்கச் சொன்னார்கள். என் முறை வந்தது. கைப்பிடியில் செருகியிருக்கும் பாதுகாப்புப் பின்னை (pin) இழுக்கிறேன், இழுக்கிறேன், அசையவே இல்லை. பதற்றத்தில் கைப்பிடியையும் சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தேன். அப்படிப் பிடித்தால் பின் உள்ளேயே இறுகிக்கொள்ளும். “கையைத் தளர்த்துங்க, கீழ வெச்சுட்டு இழுங்க” என்றார் பயிற்சியாளர். உடனே வந்துவிட்டது.

அன்றைக்கு அதைவிட ஆச்சரியமாக இருந்தது, தீயணைப்பான் சிலிண்டர் எவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோனது என்பதுதான். வீடுகளில் வைக்கிற 1, 2 கிலோ பவுடர் சிலிண்டர் பத்து நொடி போலத்தான் பீய்ச்சும். அதனால் பின்னை உருவும் முன்பே சிலவற்றைப் பார்த்துவிடுங்கள். தீ ஒரு குப்பைக்கூடை அளவுக்குள் இருக்கிறதா? வாசல் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கிறதா? மற்றவர்கள் வெளியே போய்விட்டார்களா? ஒன்றுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தாலும், அறையில் புகை சூழ்ந்துவிட்டாலும், கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். சிலிண்டர் வீணாகிறதே என்று யோசிக்காதீர்கள்.

சரி, சின்னத் தீதான் என்றால், இரண்டு மீட்டர் தள்ளி நின்று பின்னை உருவி, குழாய் முனையைத் தீயின் அடிப்பகுதிக்குக் காட்டி, கைப்பிடியை அழுத்தி, இடமும் வலமுமாக வீசுங்கள். கண் தானாகவே மேலே எழும் சுவாலைக்குத்தான் போகும். அங்கே அடித்தால் பவுடர் பறந்து போகும், எரிகிற பொருள் அப்படியே எரிந்துகொண்டிருக்கும். அணைந்ததும் முதுகைக் காட்டாமல் பின்வாங்குங்கள். பவுடர் தீயை அணைக்குமே தவிர, பொருளைக் குளிர்விக்காது, மறுபடி பற்றிக்கொள்ளலாம்.

வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் நான் தீயணைப்பானைத் தேடமாட்டேன். கை வைக்க முடிகிற நிலையில் இருந்தால் அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு மூடியைப் பக்கவாட்டில் நகர்த்தி மூடிவிட்டு, ஆறும்வரை திறக்காமல் விடுவேன். கிட்டே நின்று பீய்ச்சினால் அந்த வேகத்திலேயே எரிகிற எண்ணெய் தெறிக்கும். தண்ணீர் ஊற்றவே கூடாது: அது சட்டென்று ஆவியாகி, ஏறத்தாழ 1,700 மடங்கு விரிந்து, எண்ணெயை நெருப்போடு தூக்கி எறியும்.

எரிவாயு கசிந்து எரிந்தால் வால்வை மூட முடியுமா என்று மட்டும் பாருங்கள். மூடாமல் தீயை மட்டும் அணைத்தால் வாயு அறைக்குள் சேர்ந்து வெடிக்கும். முடியாவிட்டால் வெளியேறுவதுதான் வழி.

தீயணைப்பானை மாட்டும் இடம் அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம், தீயைத் தாண்டிப் போய் எடுக்க வேண்டியிருக்கும். வாசலை ஒட்டி மாட்டுங்கள். மாதம் ஒருமுறை அதன் அழுத்தம் காட்டும் மீட்டர் முள் பச்சையில் நிற்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், இரண்டு நொடி அடித்துவிட்டு ‘மீதி இருக்கிறதே’ என்று திரும்ப மாட்டி வைக்கிறவர்கள் உண்டு. வால்வில் பவுடர் சிக்கிக்கொண்டால் அழுத்தம் மெல்ல மெல்ல இறங்கிவிடும். கொஞ்சம் அடித்திருந்தாலும் மறுநிரப்பலுக்குக் கொடுத்துவிடுங்கள்.