பழைய காருக்கு வேறு சைஸ் டயர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பழைய கார்களின் டயரைப் பற்றியவை. வண்டி நன்றாக ஓடுகிறது, ஆனால் அதற்குரிய சைஸ் கடையில் இல்லை. "இதுவும் அதே ரிம்முக்கு ஏறும் சார்" என்று வேறொன்றை எடுத்து வைக்கிறார்கள். ரிம்மில் ஏறுவது வேறு, வண்டிக்குப் பொருந்துவது வேறு. இத்தனை வருஷம் டயர் கடையில் நின்று நான் அதிகம் சொன்ன வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும்.

என்னுடையது 1999 மாடல் மாருதி 800. 145/70 ஆர்12 கிடைக்கவில்லை. ஆல்டோவின் 145/80 ஆர்12 போடச் சொல்கிறார்கள். அகலமும் ரிம்மும் ஒன்றுதானே? (மதுரை)

அகலமும் ரிம்மும் ஒன்றுதான், உயரம்தான் வேறு. நடுவில் உள்ள 70, 80 என்ற எண் பக்கச்சுவரின் உயரத்தை அகலத்தின் சதவீதமாகச் சொல்கிறது. 145-ல் 70 சதவீதம் 101.5 மி.மீ.; 80 சதவீதம் 116 மி.மீ. அதை இரண்டால் பெருக்கி, 12 அங்குல ரிம்முக்கு 304.8 மி.மீ. கூட்டிப் பாருங்கள். உங்கள் டயரின் மொத்த உயரம் சுமார் 508 மி.மீ., ஆல்டோ டயர் 537. கிட்டத்தட்ட 5.7 சதவீதம் அதிகம். 3 சதவீதத்தைத் தாண்டினால் நான் எந்தப் பழைய வண்டிக்கும் மாட்டுவதில்லை.

போட்டால் என்ன ஆகும்? ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி 84, 85-ல் போகும். 796 சிசி இன்ஜின் பெரிய சக்கரத்தைச் சுற்ற வேண்டியிருப்பதால் மேட்டில் இழுவை குறையும். நாலு பேரோடு ஏற்காடு ஏறினால் அடிக்கடி கியரை இறக்க வேண்டி வரும். இன்னொன்றும் உண்டு. "டயர் மாற்றியதிலிருந்து மைலேஜ் போச்சு" என்று வந்து நிற்பார்கள். ஓடோமீட்டர் தூரத்தைக் குறைத்துக் காட்டுவதால், லிட்டருக்கு 17 கொடுத்த வண்டி கணக்கில் 16-தான் கொடுக்கும். உண்மையில் போனது மைலேஜ் இல்லை, எண்ணிக்கை.

இப்படி மாட்டிய ஒரு 800 என் கடைக்கு வந்தது. தனியாக ஓட்டும்போது ஒன்றுமில்லை, பின்சீட்டில் ஆள் ஏறினால் மட்டும் 'சர்ர்' என்று சத்தம் என்றார் வண்டிக்காரர். ஜாக்கி போட்டுத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்தேன். பின் மட்கார்டின் உள் விளிம்பில் பெயிண்ட் போய், தகடு கண்ணாடி மாதிரி பளபளத்தது. டயரின் தோளில் சுற்றிலும் கத்தியால் கீறியது போல ஒரு கோடு. இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தால் நூல் தெரிந்திருக்கும்.

145/70 ஆர்12-ஐ ஆர்டர் கொடுத்துக் காத்திருப்பதுதான் நல்லது. கிடைக்கவே இல்லையென்றால் 155/65 ஆர்12 பாருங்கள். அதன் உயரம் 506 மி.மீ., வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர்தான். 10 மி.மீ. அகலம் கூடுவதால், பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் பார்க்கிங் செய்யும்போது கை கொஞ்சம் கனக்கும்.

அப்பாவின் பிரீமியர் பத்மினி. 5.20-14 நைலான் டயருக்குப் பதிலாக ரேடியல் போடலாமா? இப்போதைக்கு முன்னால் இரண்டு மட்டும் மாற்றினால் போதுமா? (காரைக்குடி)

ரேடியல் (இன்றைய கார்களில் வரும் வகை) தாராளமாகப் போடலாம். ஆனால் முன்னால் ரேடியல், பின்னால் நைலான் என்று மட்டும் ஓட்டாதீர்கள். தயவுசெய்து. ரேடியல் வளைவில் சாலையை நன்றாகப் பிடிக்கும். நைலான் சீக்கிரம் விட்டுவிடும். மழையில் திருப்பும்போது முன்பக்கம் நீங்கள் சொன்ன பக்கம் போகும், பின்பக்கம் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். பத்மினி பின்சக்கர இழுவை வண்டி என்பதால் ஆபத்து இன்னும் அதிகம். ஒரே தடவையில் நாலையும் மாற்றுங்கள். பணம் இடித்தால் முதல் இரண்டு ரேடியல் பின்னால் போகட்டும்.

சைஸுக்கு வருவோம். 5.20 என்பது அகலம், அங்குலத்தில். உயரத்தை அதிலிருந்து சரியாகக் கணக்குப் போட முடியாது, அளந்துவிடுங்கள். காற்றைச் சரியாக அடித்து, சமதளத்தில் நிறுத்தி, டயரின் அடியிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். கோடு திரும்பவும் தரையைத் தொடும்வரை வண்டியைத் தள்ளி, அந்த இடத்தையும் குறித்து டேப் வைத்துப் பாருங்கள்; அந்தத் தூரத்தை 3.14-ஆல் வகுத்தால் உயரம். வண்டி எடையில் டயர் நசுங்குவதால் இந்த அளவு உயரக் கணக்கைவிட 3 சதவீதம் போலக் குறைவாக வரும். பட்டன் (தரையில் படும் ரப்பர் மேடு) தேய்ந்திருந்தால் இன்னும் குறையும். 155 ஆர்14 இந்த வண்டிக்கு அருகில் வரும் சைஸ். நடுவில் எண் இல்லாத அந்தப் பழைய குறியீட்டை 82 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் உயரம் சுமார் 610 மி.மீ. பார்வைக்கு நன்றாக இருக்கிறதென்று 185-க்குப் போகாதீர்கள். குறுகிய ரிம்மில் அகல டயர் பிதுங்கி, நடுவில் மட்டும் தேயும்.

அப்புறம், பழைய ரிம்மில் ட்யூப்லெஸ்ஸாக ஓட்ட வேண்டாம். டயரின் விளிம்பு நழுவாமல் பிடிக்கும் மேடு அதில் இருக்காது. ரேடியலுக்கென்று வரும் ட்யூப் போடுங்கள். போடும் முன் டயருக்குள் கையை விட்டு, ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்துவிட்டு பவுடர் தூவச் சொல்லுங்கள். அந்தச் சின்ன ஸ்டிக்கர் உரசியே ட்யூப் ஓட்டையாகும்.

சான்ட்ரோ ஜிங். நண்பரிடம் 14 அங்குல அலாய் வீல், 175/65 டயரோடு சும்மா கிடக்கிறது. வாங்கலாமா? (கோவை)

அந்த டயரோடு வேண்டாம். உங்கள் 155/70 ஆர்13-இன் உயரம் 547 மி.மீ., அது 583. வீல் மட்டும் வேண்டுமென்றால் 155/65 ஆர்14 (557 மி.மீ.) சரியாக இருக்கும். நாலு போல்ட், 100 மி.மீ. பிசிடி (போல்ட் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்), நடு ஓட்டை, ஆஃப்செட் (வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கிறது என்பது) எல்லாம் பொருந்துகிறதா என்று முதலில் ஒரு வீலை மாட்டி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்துப் பாருங்கள். பக்கச்சுவரில் உள்ள லோட் எண் 75-க்குக் குறையக் கூடாது; 75 என்றால் ஒரு டயர் 387 கிலோ தாங்கும். என்னைக் கேட்டால், 13 அங்குலத்திலேயே 165/65 போட்டு மிச்சப் பணத்தில் ஷாக் அப்சார்பரைப் பார்க்கச் சொல்வேன்.

அரிய சைஸ், பாதி விலைக்குக் கிடைக்கிறது, பட்டன் புத்தம் புதிது. வாங்கலாமா? (திருநெல்வேலி)

பக்கச்சுவரில் நாலு இலக்க எண் இருக்கும். 2316 என்றால் 2016-இல் 23-வது வாரம் செய்தது. ஓடாத டயரும் கிழடாகும். ஐந்து வருஷத்தைத் தாண்டியிருந்தால் நான் வாங்க மாட்டேன், விலை எதுவானாலும்.

நாலு டயரும் வேறு சைஸுக்கு மாற்றிவிட்டேன். ஸ்டெப்னி பழைய சைஸ். பரவாயில்லையா? (தஞ்சாவூர்)

பஞ்சர் கடை வரை மெதுவாகப் போக மட்டும். உங்களுடையது முன்சக்கர இழுவை வண்டி என்று வைத்துக்கொள்வோம். முன்னால் இரண்டு உயரத்தில் டயர் இருந்தால் டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு) நேர்ச்சாலையிலும் ஓய்வில்லாமல் வேலை செய்யும். முன்டயர் பஞ்சரானால் பின்டயரில் ஒன்றைக் கழற்றி முன்னால் போட்டு, ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டுங்கள். பத்து நிமிஷம் கூடுதலாகும், அவ்வளவுதான்.