பெயரும் உருவமும்: புதிய சொகுசுக் கப்பல்கள் பற்றி வாசகர் கேள்விகள்

புதிதாக வரும் சொகுசுக் கப்பல்களைப் பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இரண்டு விஷயங்களைச் சுற்றியே அமைந்திருந்தன. ஒன்று கப்பலுக்கு வைக்கப்படும் பெயர். மற்றொன்று அதன் உருவம். அவற்றுள் ஏழு கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நானும் என் கணவரும் ஒரே நிறுவனத்தின் கப்பல்களில் ஆறு முறை பயணம் செய்திருக்கிறோம். அந்நிறுவனம் அடுத்து விடவிருக்கும் கப்பலுக்கு அறிவித்துள்ள பெயர் எங்களுக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. ஏதோ வாசனைத் திரவியத்தின் பெயரைப் போல இருக்கிறது. நெடுநாள் பயணிகளைக் கேட்காமல் பெயர் வைப்பது சரிதானா?

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. கப்பலில் பத்து நாள் வாழ்ந்துவிட்டு வருகிறவர் அதன் பெயரை அதற்குப் பின் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருப்பார். போன முறை எந்தக் கப்பலில் போனீர்கள் என்று யாராவது கேட்டால், நிறுவனத்தின் பெயருக்கு முன்பே கப்பலின் பெயர்தான் வாயில் வரும்.

கப்பல் நிறுவனங்களும் இதை வெகுகாலமாக அறிந்தே வைத்திருக்கின்றன. குனார்ட் நிறுவனம் லூசிட்டானியா, மௌரிட்டானியா, அக்விட்டானியா என்று 'யா'வில் முடியும் பெயர்களை வைத்தது. அதன் போட்டியாளரான ஒயிட் ஸ்டார் ஒலிம்பிக், டைட்டானிக், பிரிட்டானிக் என்று 'இக்'கில் முடித்தது. ஹாலந்து அமெரிக்கா லைன் கப்பல்கள் இன்றும் 'டாம்' என்றே முடிகின்றன. ராயல் கரீபியன் கப்பல்கள் 'ஆஃப் தி சீஸ்' என்று முடிகின்றன. பெயரின் கடைசி ஓசையிலிருந்தே இது யாருடைய கப்பல் என்று பயணிக்குத் தெரிந்துவிடுகிறது. நிறுவனமே அந்த ஒழுங்கைக் கைவிடும்போது, பரம்பரைப் பெயரை ஒரு பிள்ளைக்கு மட்டும் வைக்காமல் விட்டதைப் போன்ற ஏமாற்றம் பழைய பயணிகளுக்கு ஏற்படுவது இயல்புதான்.

அறிவித்த பெயர் மாறவே மாறாது என்றும் சொல்ல முடியாது. ஹாலந்து அமெரிக்கா லைன் ஒரு புதிய கப்பலுக்கு 'ரிண்டாம்' என்று பெயர் அறிவித்திருந்தது. அதற்கிடையில், 'ராட்டர்டாம்' என்ற பழைய கப்பல் 2020-ஆம் ஆண்டில் விற்கப்பட்டதால் அந்தப் பெயர் காலியாயிற்று. நிறுவனத்தின் வரலாற்றோடு பிணைந்த அந்தப் பெயரை விட மனமில்லாமல், கட்டப்பட்டுக்கொண்டிருந்த கப்பலுக்கே அதைச் சூட்டினார்கள். அந்தப் பெயரைத் தாங்கும் ஏழாவது கப்பலாக அது 2021-இல் நிறுவனத்தின் கைக்கு வந்தது.

ஆனாலும் பெயருக்காக நீங்கள் நெடுநாள் வருந்த வேண்டாம் என்பதே என் எண்ணம். ராயல் கரீபியனின் 'ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ்' கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஒயாசிஸ்' என்றால் பாலைவனச் சோலை. நான்கு புறமும் நீர் சூழ்ந்த கப்பலுக்கு அது பொருந்தாத பெயர் என்று முதலில் எனக்கும் தோன்றியது. இன்றோ அந்தச் சொல்லைக் கேட்டால் பாலைவனத்துக்கு முன் கப்பல்தான் என் நினைவுக்கு வருகிறது. நல்ல கப்பல் தன் பெயருக்குத் தானே பொருளைத் தேடிக்கொள்கிறது. ஒன்றை மட்டும் சோதித்துப் பாருங்கள்: அந்தப் பெயரை உரக்கச் சொல்லும்போது முதல் முறையிலேயே தெளிவாகக் காதில் விழுகிறதா? பல மொழி பேசும் மாலுமிகளும் துறைமுக அதிகாரிகளும் அதை வானொலித் தொடர்பில் நாள்தோறும் சொல்லியாக வேண்டும். அந்தச் சோதனையில் பெயர் தோற்றுப்போனால் தயங்காமல் நிறுவனத்துக்கு எழுதுங்கள்.

கேள்வி: அப்படியானால் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்திப் பெயர் வைத்துவிடலாமே?

பதில்: பிரிட்டனின் இயற்கைச் சூழல் ஆய்வுக் கழகம் 2016-இல் தன் துருவ ஆய்வுக் கப்பலுக்கு அப்படித்தான் பெயர் கேட்டது. வேடிக்கையாக முன்மொழியப்பட்ட 'போட்டி மெக்போட்ஃபேஸ்' என்ற பெயர் 1,24,109 வாக்குகள் பெற்று முதலிடத்துக்கு வந்துவிட்டது. பனிக்கடலில் பல பத்தாண்டுகள் உழைக்கவிருக்கும் கப்பலுக்கு அது தகாது என்று முடிவு செய்து, 'சர் டேவிட் அட்டன்பரோ' என்று பெயர் சூட்டினார்கள். வென்ற பெயர் அக்கப்பலோடு சேர்ந்து பணியாற்றும் ஆளில்லா நீர்மூழ்கிக் கருவிக்குப் போயிற்று.

இதற்காக மக்களைக் கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ராயல் கரீபியன் 2008-இல் ஒரு அமெரிக்க நாளிதழ் வாசகர்களுக்குப் போட்டி வைத்துத்தான் 'ஒயாசிஸ்', 'அல்யூர்' என்ற இரண்டு பெயர்களையும் பெற்றது. பி அண்ட் ஓ நிறுவனத்தின் 'ஐயோனா'வும் பொதுமக்கள் அனுப்பிய பெயர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டதுதான். பெயர்களை மக்கள் அனுப்ப, பொறுப்புள்ளவர்கள் அவற்றிலிருந்து தேர்ந்தெடுக்கும் இந்த முறையே எனக்குச் சிறந்ததாகப் படுகிறது.

கேள்வி: பழைய கப்பலின் பெயரையே மீண்டும் வைப்பதும், ஓடிக்கொண்டிருக்கும் கப்பலின் பெயரை மாற்றுவதும் ஆகாது என்கிறார்களே?

பதில்: மாலுமிகளிடையே அந்த நம்பிக்கை உண்டு, நிறுவனங்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. 1990-இல் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்று பிறந்த கப்பல் 2004-இல் 'எம்ப்ரஸ் ஆஃப் தி சீஸ்' ஆகி, 2008-இல் 'எம்ப்ரஸ்' ஆகி, 2016-இல் மீண்டும் 'எம்ப்ரஸ் ஆஃப் தி சீஸ்' ஆயிற்று. எத்தனை முறை பெயர் மாறினாலும், சர்வதேசக் கடல்சார் அமைப்பின் ஏற்பாட்டில் கப்பலுக்கு வழங்கப்படும் ஏழு இலக்க எண் அதன் ஆயுள் முழுவதும் மாறாது.

கேள்வி: முற்காலக் கப்பல்களின் படங்களைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. இப்போது வரும் கப்பல்கள் அடுக்குமாடிக் குடியிருப்பைக் கடலில் மிதக்கவிட்டதைப் போலிருக்கின்றன. வடிவமைப்பாளர்களுக்கு அழகுணர்ச்சி போய்விட்டதா?

பதில்: அழகுணர்ச்சி போகவில்லை, அவர்களுக்குக் கொடுக்கப்படும் கணக்கு மாறிவிட்டது. டைட்டானிக்கின் நீளம் 269 மீட்டர், மொத்த டன் அளவு 46,328. 2024 ஜனவரியில் பயணிகளோடு புறப்பட்ட 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலின் நீளம் 365 மீட்டர், மொத்த டன் அளவு 2,48,663. இங்கே டன் என்பது எடையைக் குறிக்காது; கப்பலுக்குள் அடைபட்ட இடத்தின் அளவையே குறிக்கும். ஆகவே நீளம் நூறு மீட்டர்கூட அதிகரிக்காத நிலையில் உள்ளிடம் ஐந்து மடங்குக்கு மேல் பெருகியிருக்கிறது. நீளத்துக்குத் துறைமுகங்கள் எல்லை வகுத்துவிடுவதால் கப்பல் பக்கவாட்டில் அகன்று, மேல்நோக்கி இருபது தளங்கள் வரை உயர்ந்துவிட்டது.

அடுத்த காரணம் நாமேதான். கடலைப் பார்த்த பால்கனியுள்ள அறைக்குப் பயணிகள் கூடுதல் கட்டணம் தரத் தயாராக இருக்கிறோம். பால்கனிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் சுவர் செங்குத்தாகத்தான் வரும். பழைய கப்பல்களில் அமரத்தை, அதாவது பின்முனையை, நோக்கிப் படிப்படியாக இறங்கிய தளங்களும், அணியம் எனப்படும் முன்முனையிலிருந்து வளைந்து தாழ்ந்து வந்த அழகிய கோடும் இப்படித்தான் மறைந்தன. பெரிதும் வெயில் கடல்களில் நிதானமாகச் சுற்றி வரும் கப்பலுக்கு அட்லாண்டிக் புயலைக் கிழித்துச் செல்லும் நீண்ட கூர்முகம் தேவைப்படுவதுமில்லை.

அந்தத் தேவை இருந்தால் உருவம் தானே திரும்பி வரும் என்பதற்கு 2004-இல் ஓடத் தொடங்கிய 'குயின் மேரி 2' சான்று. அட்லாண்டிக்கைக் குளிர்காலத்திலும் கடப்பதற்காகவே ஸ்டீபன் பெய்ன் அதை வடிவமைத்தார். உயிர்காப்புப் படகுகளை இயன்றவரை நீர்மட்டத்திலிருந்து 15 மீட்டர் உயரத்துக்குள் வைக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அட்லாண்டிக் அலைகள் படகுகளைத் தாக்கக்கூடும் என்பதால், அவற்றை அதைவிட உயரத்தில் வைக்கத் தனி அனுமதி பெற்றார்கள். ஏழாம் தளத்தில் கப்பலைச் சுற்றிவர அகலமான நடைபாதை அமைந்திருக்கிறது. ஒரு முழுச் சுற்று 600 மீட்டருக்கு மேல். உடன் பயணித்தவர்களிடம் நான் பேசிய அளவில், இக்கப்பலைப் பாராட்டுகிறவர்கள் பெரும்பாலும் உணவு, நாடக அரங்கு ஆகியவற்றுக்கு முன்னதாக இந்த நடைபாதையைத்தான் சொல்கிறார்கள். அழகு என்று அவர்கள் உணர்வது, கடலுக்கும் தங்களுக்கும் இடையே சுவர் இல்லாத அந்த நிலையைத்தான் என்று நான் நினைக்கிறேன்.

கேள்வி: கப்பல் கட்டி முடியும் முன்பே மாதிரிப் படங்களைப் பார்த்துப் பலரும் திட்டுகிறார்கள். அத்தகைய கருத்துகளுக்கு மதிப்பு உண்டா?

பதில்: படத்தைப் பார்த்துச் சொல்லும் கருத்தையும், கப்பலில் வாழ்ந்து பார்த்துச் சொல்லும் கருத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஐகான் கப்பலின் பின்புறத்தைக் காட்டும் மாதிரிப் படம் 2023-இல் உலகம் முழுவதும் பரவியபோது, வண்ண வண்ணச் சறுக்குக் குழாய்களைக் கண்டு அருவருத்தவர்கள் பலர். ஆனால் 2022 அக்டோபரில் அதற்கு முன்பதிவு தொடங்கிய நாளையே, தன் வரலாற்றில் மிக அதிக முன்பதிவுகள் வந்த நாள் என்று நிறுவனம் அறிவித்திருந்தது. திட்டியவர்களும் பயணச்சீட்டு வாங்கியவர்களும் பெரும்பாலும் வேறு வேறு மனிதர்கள்.

வாழ்ந்து பார்த்தவர்களின் கருத்தோ கப்பல்களை உண்மையாகவே மாற்றியிருக்கிறது. 2010-இல் வந்த 'நார்வீஜியன் எபிக்' கப்பலின் அறைகளில் சுவர்களை வளைவாக அமைத்து, கைகழுவும் தொட்டியை அறைக்குள்ளேயே வைத்து, குளிக்கும் இடத்தையும் கழிப்பிடத்தையும் கண்ணாடித் தடுப்புகளால் தனித்தனியே பிரித்திருந்தார்கள். வரைபடத்தில் புதுமையாகத் தெரிந்த அந்த ஏற்பாடு, ஒரே அறையில் தங்கும் இருவருக்கு எவ்வளவு கூச்சத்தைத் தரும் என்பது பயணம் தொடங்கிய பிறகுதான் புரிந்தது. பயணிகள் விடாமல் முறையிட்டார்கள். 2013-இல் அடுத்து வந்த கப்பலில் வழக்கமான குளியலறை திரும்பி வந்தது. அதே எபிக்கில், தனியாகப் பயணிப்பவர்கள் இரட்டைக் கட்டணம் தர வேண்டாதபடி 128 சிறு அறைகளும் அமைத்திருந்தார்கள். அவற்றைப் பயணிகள் மனமார வரவேற்றதால் அந்த ஏற்பாடு அடுத்த கப்பல்களிலும் தொடர்ந்தது. ஒரே கப்பலின் ஒரு புதுமையைப் பயணிகளின் சொல் நீக்கியது. மற்றொன்றை அவர்களுடைய சொல்லே நிலைநிறுத்தியது.

2013-இல் வந்த 'ராயல் பிரின்சஸ்' கப்பலில், சுற்றிவர நடக்கும் தளம் இல்லை என்று பிரின்சஸ் நிறுவனத்தின் பழைய பயணிகள் மிகவும் வருந்தினார்கள். அந்த வருத்தத்தில் நான் முழு மனத்துடன் பங்குகொள்கிறேன். நான் பயணம் செய்த ஒரு கப்பலில், பெயர் வேண்டாம், அதிகாலையில் கடலை ஒட்டி நடக்க ஆசைப்பட்டு இறங்கினேன். ஐம்பது அடி நடப்பதற்குள் பூட்டிய கதவு ஒன்று குறுக்கே நின்றது. கடற்பயணத்துக்கு வந்தவருக்குக் கடலோடு நடக்க வழியில்லாமல் செய்வதைவிடப் பெரிய பிழையை ஒரு வடிவமைப்பாளர் செய்துவிட முடியாது. 2022-இல் வந்த 'நார்வீஜியன் பிரைமா' எட்டாம் தளத்தில் கப்பலைச் சுற்றிவரும் அகன்ற திறந்தவெளியைத் தந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி சிறிதன்று.

எல்லா விவாதமும் இப்படித் தெளிவாக முடிவதில்லை. 2018-இல் வந்த 'செலிபிரிட்டி எட்ஜ்' பல அறைகளில் தனிப் பால்கனியை விட்டுவிட்டு, பொத்தானை அழுத்தினால் மேற்பாதி கீழே இறங்கும் பெரிய சன்னலை வைத்தது. அறை விசாலமாயிற்று என்று மகிழ்ந்தவர்களும் உண்டு. கதவைத் திறந்து வெளியே போய் நிற்கும் சுகம் போயிற்று என்று நொந்தவர்களும் உண்டு. இரு தரப்பும் தங்கிப் பார்த்தே சொல்வதால், இதில் ஒரு தரப்பைப் பிழை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: கப்பலின் வெளிப்புறத்தில் பெரிய ஓவியங்கள் தீட்டுவது பிடிக்கவில்லை. வெள்ளை நிறம் போதாதா?

பதில்: இது முழுக்க முழுக்க ரசனையைப் பொறுத்தது. 'ஐடா' கப்பல்கள் 1996 முதல் அணியத்தில் சிவந்த உதடுகளைத் தாங்கி வருகின்றன. 2015-இல் வந்த 'பிரிட்டானியா'வின் அணியத்தில் 94 மீட்டர் நீளத்துக்கு பிரிட்டன் கொடி விரிந்திருந்தது. கார்னிவல் கப்பல்களில் ஜோ ஃபார்கஸ் வடிவமைத்த, சிறகு விரித்த புகைபோக்கி எனக்குப் பிடித்தமானது. எவ்வளவு தொலைவிலிருந்தும் கப்பலை அடையாளம் காட்டிவிடும். ஓவியம் பிடிக்காவிட்டால் ஓர் ஆறுதல் உண்டு: கப்பலுக்குள் இருப்பவர் கண்ணில் அது படாது.

கேள்வி: எங்கள் கருத்து உண்மையாகவே பயன்பட வேண்டுமானால் யாருக்கு, எப்போது எழுத வேண்டும்?

பதில்: இரும்புத் தகடு வெட்டத் தொடங்கிய பிறகு ஒரு கப்பலின் அமைப்பில் செய்யக்கூடிய மாற்றம் மிகக் குறைவு. ஆனால் ஒரே வகையில் அடுத்தடுத்துக் கட்டப்படும் சகோதரிக் கப்பல்களில் மாற்றங்களைச் செய்கிறார்கள். எட்ஜ் வகையின் மூன்றாவது கப்பலான 'செலிபிரிட்டி பியாண்ட்' 2022-இல் வந்தபோது, முதல் கப்பலைவிட ஏறக்குறைய இருபது மீட்டர் நீண்டிருந்தது. திறந்த தளங்களும் விரிவாக்கப்பட்டிருந்தன. எனவே நீங்கள் பயணித்த கப்பலைப் பற்றி எழுதுவது, இன்னும் கட்டப்படாத அதன் தங்கையைப் பற்றி எழுதுவதாகும்.

பயணம் முடிந்ததும் அவர்கள் அனுப்பும் கருத்துப் படிவத்தில் மதிப்பெண்களை மட்டும் குறித்துவிட்டு நிறுத்தாதீர்கள். 'வடிவமைப்பு சரியில்லை' என்ற வரியை வைத்துக்கொண்டு எந்தப் பொறியாளரும் எதையும் திருத்த முடியாது. எந்தத் தளம், எந்தப் பக்கம், எந்த நேரம், என்ன செய்ய முயன்றபோது எது தடுத்தது என்று எழுதுங்கள். சக்கர நாற்காலியில் வந்த தாயாரைத் திறந்த தளத்துக்கு அழைத்துப்போக எத்தனை கதவுகளைக் கையால் தள்ள வேண்டியிருந்தது என்று எண்ணி எழுதினால், அந்த ஒரு கடிதம் நூறு புகார்களுக்குச் சமம். நன்றாக அமைந்தவற்றையும் அதே நுணுக்கத்தோடு குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் செலவைக் குறைக்கும்போது அவற்றைத்தான் முதலில் நீக்கிவிடுவார்கள். ஊர் திரும்பிய முதல் வாரத்திலேயே, நடந்த வழி கால்களுக்கு நினைவிருக்கும்போதே எழுதி அனுப்பிவிடுங்கள்.