ஓவன்ல ரிப்ஸ்: வெந்துடுச்சு, ஆனா ஏன் ரப்பர் மாதிரி இருக்கு?

ஒரு வாசகரோட கேள்வி இது: போர்க் ரிப்ஸ் வாங்கி மேல கீழ எல்லாம் பார்பிக்யூ சாஸ் பூசி ஓவன்ல 200 டிகிரில முக்கால் மணி நேரம் வச்சேன், தெர்மாமீட்டர் குத்தினா 75 டிகிரி காட்டுச்சு, ஆனா மேல கருகிப்போய் உள்ள கடிச்சு இழுக்கவே முடியல, அடுத்த தடவை முதல்ல தண்ணில வேகவச்சு எடுத்துட்டு ஓவன்ல வைக்கலாமா?

தண்ணில வேகவைக்க வேணாங்க. இறைச்சி கொஞ்சம் மெத்துனு ஆகும்தான், ஆனா ருசி பாதி தண்ணிக்குப் போயிடும், அந்தத் தண்ணிய நீங்க கீழதான் ஊத்தப் போறீங்க.

உங்க ரிப்ஸ் வேகாம இல்ல. பன்றி இறைச்சித் துண்டு 63 டிகிரி தொட்டு 3 நிமிஷம் அப்படியே இருந்தாலே சாப்பிடப் பாதுகாப்பானதுதான், நீங்க அதையும் தாண்டிட்டீங்க. பிரச்சனை என்னன்னா வெந்தது வேற, மெத்துனு ஆனது வேற. விலா எலும்பச் சுத்தி இருக்கிற கறில கொலாஜன்னு ஒரு நார்ப்பொருள் நிறைய இருக்கு, கடிச்சா இழுக்குதே அது இதான். 70 டிகிரி தாண்டின பிறகுதான் இது உருப்படியா கரைஞ்சு ஜெலட்டினா மாற ஆரம்பிக்கும், அதுவும் உடனே இல்ல, அந்தச் சூட்டுலயே மணிக்கணக்கா கிடக்கணும். ஆனா தசை நார் இருக்கே, அது அதுக்கு முன்னாடியே சுருங்கி சாறப் பிழிஞ்சு வெளிய விட்டுடும். அப்போ 75 டிகிரில நிறுத்தினா சாறும் போச்சு, கொலாஜனும் கரையல, சரியான ரெண்டுங்கெட்டான் இடம் அது. இன்னும் மேல போய் 90லருந்து 95 டிகிரி வரைக்கும் மெதுவா ஏறணும். கொலாஜனும் கொழுப்பும் கம்மியான கறியா இருந்தா இவ்ளோ சூட்டுல காஞ்சு போயிருக்கும், ரிப்ஸ்ல கரைஞ்ச ஜெலட்டினும் கொழுப்பும் சேந்துதான் ஈரமா வச்சிருக்கும்.

சரி, செய்முறைக்கு வருவோம். எலும்பு தெரியுற பக்கம் ஒரு மெல்லிய வெள்ளைச் சவ்வு ஒட்டியிருக்கும், அத எடுத்தே ஆகணும்னு நான் சொல்லுவேன், ஏன்னா அது எத்தனை மணி நேரம் வச்சாலும் கரையாது, மசாலாவையும் உள்ள விடாது. ஓரமா ஒரு எலும்பு மேல கத்தி நுனிய விட்டு லேசா கிளப்பிட்டு, டிஷ்யூ பேப்பரால பிடிச்சு இழுங்க. வெறும் கையால இழுத்தா வழுக்கும், கோபம்தான் வரும்.

அப்புறம் உப்பு. கிலோவுக்கு ரெண்டு டீஸ்பூன் பொடி உப்பு தடவி முடிஞ்சா ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜ்ல வைங்க. மசாலாவுக்கு பாப்ரிகா, மிளகு, பூண்டுப் பொடி, கொஞ்சம் பிரவுன் சுகர் போதும், இதுல பெரிய ரகசியம்லாம் ஒண்ணும் இல்ல, புகை வாசம் வேணும்னா ஸ்மோக்டு பாப்ரிகா போட்டுக்கோங்க.

இப்போ அலுமினியம் ஃபாயில்ல ரெண்டு சுத்து இறுக்கமா மடிச்சு, கறிப் பக்கம் மேல இருக்குற மாதிரி ட்ரேல வைங்க. ஃபாயில் எதுக்குன்னா, திறந்து வச்சா மேல இருக்கிற ஈரம் ஆவியாகி ஆவியாகி கறியக் குளுத்திட்டே இருக்கும், சூடு ஒரு இடத்துல வந்து மணிக்கணக்கா ஏறாம நிக்கும், மூடிட்டா அந்தத் தொல்லை இல்ல, காயவும் செய்யாது. ஓவன் 135 டிகிரி, ஃபேன் ஓடுற ஓவன்னா 120. முதுகுப் பக்கத்து சின்ன ரிப்ஸ், பேபி பேக்னு விப்பாங்களே, அதுக்கு ரெண்டு ரெண்டரை மணி நேரம். வயித்துப் பக்கத்து ஸ்பேர் ரிப்ஸ்ல கொழுப்பும் நாரும் அதிகம், மூணு மூணரை மணி நேரம் ஆகும்.

ஆனா கடிகாரத்த மட்டும் நம்பாதீங்க. ஓவன் டயலையும் நம்பாதீங்க, என்னோட பழைய ஓவன் 135ல வச்சா உள்ள 160க்கு மேல ஓடிட்டு இருந்திருக்கு, உள்ள வைக்கிற தனி தெர்மாமீட்டர் வாங்கின அப்புறம்தான் தெரிஞ்சுது, அதுவரைக்கும் கறியத்தான் திட்டிட்டு இருந்தேன். ரிப்ஸ்ல தெர்மாமீட்டர் குத்துறதும் கஷ்டம், கறி மெல்லிசு, முனை எலும்புல பட்டா தப்பாக் காட்டும். அதனால ரெண்டு எலும்புக்கு நடுவுல ஒரு பல்குச்சிய விட்டுப் பாருங்க, வெண்ணெய்ல இறங்குற மாதிரி இறங்கணும். எலும்பு நுனில கறி ஒரு செண்டிமீட்டர் போல பின்வாங்கியிருக்கும். இறங்கலன்னா மறுபடி மூடி இருபது நிமிஷம், அவ்வளவுதான், அவசரப்பட்டு சூட்டக் கூட்டாதீங்க. எலும்பத் தூக்கினாலே கறி கழண்டு விழணுமா இல்ல கடிச்சா மட்டும் வரணுமாங்கிறது உங்க இஷ்டம், எனக்கு ரெண்டாவதுதான் பிடிக்கும், கழண்டு விழுறதுன்னா இன்னொரு அரை மணி நேரம் விடணும்.

சாஸ் இப்போதான் வரணும், இதுக்கு முன்னாடி இல்ல. அதுல சர்க்கரை அதிகம், 200 டிகிரில முக்கால் மணி நேரம் தாங்காது, உங்களுக்குக் கருகினது கறி இல்ல, சாஸ்தான். ஃபாயிலப் பிரிச்சு (ஆவி கையச் சுடும், பாத்து), மெல்லிசா ஒரு கோட் பூசி, மேல கிரில் ஹீட்டர் போட்டு மூணு நாலு நிமிஷம், மறுபடி ஒரு கோட், மறுபடி மூணு நிமிஷம். பக்கத்துலயே நில்லுங்க, போன் வந்தாலும் எடுக்காதீங்க. குமிழி விட்டு ஓரத்துல லேசா கருக்கல் வந்ததும் வெளிய எடுத்து பத்து நிமிஷம் விட்டுட்டு வெட்டுங்க.

ஃபாயிலுக்குள்ள தேங்கின சாறக் கொட்டிடாதீங்க, மேல மிதக்கிற கொழுப்ப எடுத்துட்டு சின்ன பாத்திரத்துல சுண்டவச்சு சாஸோட கலந்துக்கோங்க, ஆனா உப்பு பாத்துட்டுக் கலங்க, அதுல ஏற்கனவே நல்லா உப்பு ஏறியிருக்கும்.