மறு: கருந்துளைக்குள் ஒருமைப்புள்ளி உண்டா, இல்லையா?

கருந்துளைக்குள் ஒருமைப்புள்ளி (அடர்த்தி முடிவிலியாகும் இடம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது) இருந்தே தீரும் என்று இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸ் 1965இல் நிரூபித்ததாகச் சொல்லப்படுவதை, சுழலும் கருந்துளைக்கான தீர்வைத் தந்த ராய் கெர் 2023இல் ஏன் மறுக்கிறார், கருத்தரங்கில் எதைச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். பென்ரோஸின் தேற்றத்தை நிதானமாகப் படியுங்கள். அடர்த்தி முடிவிலியாகும் என்று அதில் எங்குமே இல்லை. ஈர்ப்பில் சிக்குண்ட பரப்பு (அதிலிருந்து கிளம்பும் ஒளிகூட வெளியே விரியாமல் உள்நோக்கியே குவியும் பரப்பு) ஒன்று உருவாகிவிட்டால், சில நிபந்தனைகளின்கீழ், குறைந்தது ஓர் ஒளிப்பாதையாவது முடிவுள்ள நீளத்துக்கு மேல் தொடராது, அவ்வளவுதான். (அதற்கு அடித்தளம் 1955இல் கல்கத்தா இயற்பியலாளர் ராய்சௌதுரி தந்த, ஈர்ப்பால் பாதைகள் எப்படிக் குவிகின்றன என்பதைச் சொல்லும் சமன்பாடு. பலர் மறந்துவிடுகிறார்கள், நீங்களாவது குறிப்பிடுங்கள்.) பாதை முடிவதாலேயே அங்கே ஒருமைப்புள்ளி இருக்கிறது என்று கொள்ள முடியாது என்பதே கெரின் ஆட்சேபம். எனக்கு நியாயமாகவே படுகிறது. ஆனால், சுழலும் நட்சத்திரம் ஒடுங்கியபின் உள்ளே மிஞ்சுவது என்ன என்பதற்கு அவரும் முழுத் தீர்வு தரவில்லை. 2019இல் வெளியான, எம்87 விண்மீன் மண்டலத்துக் கருந்துளையின் படத்தைச் சான்றாகக் காட்டாதீர்கள்; அதில் தெரிவது நிகழ்வு எல்லைக்கு (அதைத் தாண்டி உள்ளே போனால் ஒளியும் திரும்பாத எல்லைக்கு) வெளியே இருந்து வந்த ஒளி மட்டுமே.