நாக்கில் வைக்கும் கருவியை வாங்கலாமா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 46 வயது. எட்டு மாதம் முன்பு காங்கேயம் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடி. மண்டைக்குள் இருந்த ரத்தக்கசிவு ஆபரேஷன் இல்லாமலே கரைந்துவிட்டது. கை கால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தால் தள்ளாடுகிறார், இருட்டினால் கட்டுத்தரைக்குக்கூடப் போக முடிவதில்லை. நாக்கில் மின்சாரம் கொடுக்கும் கருவி ஒன்றை மகன் போனில் காட்டினான். நகையை வைத்தாவது வாங்கலாமா?
- வாசகி, தாராபுரம்

பதில்: நகையை வைக்காதீர்கள் அம்மா. நாக்கின் நரம்புகள் மூளைத்தண்டுக்குப் போகின்றன. அங்கே லேசான மின்துடிப்பு கொடுத்துக்கொண்டே நடைப்பயிற்சி செய்தால் மூளை சீக்கிரம் பழகும் என்பதுதான் அந்தக் கருவியின் கணக்கு. கனடா 2018இல் அனுமதித்தது, அதுவும் பிசியோதெரபியோடு சேர்த்து மட்டும். அமெரிக்கா 2019இல் தலைக்காயத்துக்கு அனுமதி மறுத்துவிட்டது. ஆய்வில் ஒரு குழுவுக்கு முழுத் துடிப்பு, இன்னொரு குழுவுக்குப் பெயரளவுக்குத் துடிப்பு. பயிற்சி இருவருக்கும் ஒன்றுதான். இரண்டு குழுவுமே தேறியது! அப்படியானால் குணம் கருவியால் வந்ததா, பயிற்சியால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எனக்கு இதில் நம்பிக்கைதான் தெரிகிறது. பயிற்சி நம் ஊரிலேயே கிடைக்கிறதே.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். படுக்கையில் புரளும்போது சில நொடி தலை சுழல்கிறதா? அடிபட்டவர்களுக்குக் காதுக்குள் இருக்கும் நுண்துகள்கள் இடம் மாறியிருக்கலாம். டாக்டர் தலையைத் திருப்பித் திருப்பிப் படுக்க வைத்தே பத்து நிமிடத்தில் சரிசெய்யப் பார்ப்பார்.

அது இல்லையென்றால் பிசியோதெரபிதான். காது, கண், பாதம் மூன்றும் சேர்ந்துதான் நம்மை நிறுத்துகின்றன. இவர் கண்ணை நம்பியே நடக்கிறார் போல, அதனால்தான் இருட்டில் தடுமாற்றம். கட்டைவிரலை நீட்டிப் பிடித்து, பார்வையை அதிலேயே வைத்துக்கொண்டு தலையை மட்டும் இடவலமாக ஆட்டுவது, குதிகாலும் விரலும் ஒட்ட நேர்கோட்டில் நடப்பது, பஞ்சு மெத்தையில் நிற்பது என்று படிப்படியாகப் போகும். முதல் வாரம் தலைசுற்றல் கூடும். பலர் அங்கேயே பயந்து விட்டுவிடுகிறார்கள். சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டும் ஒருவர் மூன்றாம் நாளே "வேண்டாமுங்க" என்று எழுந்தார். அவர் மனைவி விடவில்லை, தினமும் தாழ்வாரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பிடித்து நடத்தினார். மூன்று மாதத்தில் அவர் இரண்டு பக்கமும் கை ஊன்றாமல் தறிகளுக்கு நடுவே நடந்தார்.

தலைசுற்றல் மாத்திரை மாதக்கணக்கில் போகிறதா? சில மாத்திரைகள் மூளை பழகுவதையே தாமதப்படுத்தும். நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிசியோதெரபிப் பிரிவு இருக்கிறது, ஸ்கேன் படங்களோடு போங்கள். தலைவலி கூடினாலோ, வாந்தி வந்தாலோ, கை கால் மரத்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், கட்டுத்தரை வழியில் ஒரு பல்பு போடுங்கள். பயிற்சி நடக்கும்போது பக்கத்தில் ஆள் இருக்கட்டும். கிணற்று மேட்டுக்கு மட்டும் இப்போதைக்குத் தனியாக விட வேண்டாம்.